பந்து நேராகப் போனபோது பக்கத்தில் நின்றவர்

கோல்ஃபின் ஆபத்தை உலகத்திலேயே முதலில் புரிந்துகொண்டது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். 1457இல், இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், ஆட்டத்துக்கே தடை போட்டுவிட்டார்கள். இளவட்டங்கள் வில்வித்தை பழகுவதை விட்டுவிட்டுக் கையில் கம்போடு புல்வெளியில் பந்தைத் தேடித் திரிகிறார்கள், நாளைக்கு இங்கிலாந்துக்காரன் படையோடு வந்து நின்றால் அவனையும் தட்டித் தட்டிக் குழியிலா தள்ள முடியும் என்ற நியாயமான கவலை. நான்காம் ஜேம்ஸும் 1491இல் தன் பங்குக்கு ஒரு தடை போட்டார். அதே மகாராஜா 1502இல் பெர்த் நகரத்தில் கோல்ஃப் மட்டை வாங்கியதற்கு அரண்மனைக் கணக்கில் செலவு எழுதியிருக்கிறது. செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? வில் செய்கிற ஆசாரி.

மட்டை வாங்கியாயிற்று. இனி அடிக்க வேண்டுமே!

மற்ற ஆட்டங்களில் தோற்றால் பழி போட ஆள் உண்டு. கோல்ஃபில் பந்து பாட்டுக்குப் புல்லில் படுத்திருக்கிறது. யாரும் எறியவில்லை, யாரும் குறுக்கே பாயவில்லை. நாம்தான் போய், முறைத்து, இடுப்பை ஆட்டி, மூச்சை அடக்கி அடிக்கிறோம். அது வலப்பக்கம் வளைந்து குளத்தில் விழுகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அந்தச் சாக்குகூட இங்கே எடுபடாது. கூடத்தைக் கோணலாக்கிக் கொடுப்பதற்கென்றே இந்த ஆட்டத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். ஆகவே கோல்ஃப்காரருக்கு ஒரு வாத்தியார் அவசியம். நன்றாக அடித்தால் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்யலாம். மோசமாக அடித்தால் வாத்தியாரை மாற்றலாம்.

வாத்தியார் அகப்படாத காலத்தில் தனக்குத் தானே வாத்தியாரானவர் தாமஸ் கின்கெய்ட், எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1687 ஜனவரி 20ஆம் தேதி நாட்குறிப்பில் எழுதி வைத்தார்: கத்திச் சண்டைக்கு நிற்பதுபோல் நிற்க வேண்டும், காலைச் சற்றே மடக்க வேண்டும், கால், முதுகு, கை என்று எல்லாத் தசைகளையும் விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆட்டத்தை எப்படி அடிப்பது என்று எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாடம் இதுதான். இன்றைக்கு எந்தக் கோச்சிடம் போனாலும் முதல் நாள் முதல் வார்த்தை, “உடம்பைத் தளர்த்துங்க சார்.” ஆக, முதல் பாடமே தப்பு. மிச்ச முன்னூற்றுச் சொச்ச வருஷத் தொழிலும் அந்த அஸ்திவாரத்தின்மேல் ஜாம் ஜாம் என்று எழும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கனவான்களுக்குத் தனியாக வாத்தியார் என்று யாரும் இல்லை. மட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூட வருகிற கேடிதான் வாத்தியார். (நம்மூர் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டப்படும் கேடி வேறு.) அவர்களில் தலைசிறந்தவர் ஆலன் ராபர்ட்சன். முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சரித்திரம் கொண்டாடுகிற ஆள். அவருடைய நிஜமான பிழைப்பு பந்து செய்வது: தோல் உறைக்குள் தொப்பி நிறைய இறகைத் திணித்துத் தைப்பது. அதாவது பந்து தொலைந்தால் யாருக்கு வியாபாரமோ, அவரிடமே போய் நேராக அடிப்பது எப்படி என்று கேட்டார்கள் கனவான்கள். கேட்டுவிட்டு நம்பவும் செய்தார்கள். 1848 வாக்கில் விலை மலிவான கட்டா பெர்ச்சா பிசின் பந்து வந்தபோது ராபர்ட்சனுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அவரிடம் தொழில் பழகிய டாம் மாரிஸ் அந்தப் பிசின் பந்தால் ஆடியதைப் பார்த்துவிட்டு உறவையே முறித்துக்கொண்டார்.

பிறகு ஆட்டம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. கூடவே கார்னூஸ்டி என்ற சின்ன ஊரிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வாத்தியார் வேலைக்குப் போனார்கள். நாட்டு வைத்தியருக்குத் தாடி எப்படியோ, அப்படி அன்றைய கோல்ஃப் வாத்தியாருக்கு ஸ்காட்லாந்து உச்சரிப்பு. அவர் சொல்வது பாதி புரியாது. புரியாத பாதியில்தான் ரகசியம் இருக்கிறதென்று பணக்கார அமெரிக்கர்கள் பரவசப்பட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் ஸ்டூவர்ட் மெய்டன் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் கிளப்பில் வேலைக்கு அமர்ந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு பொடியன் அவர் பின்னாலேயே சுற்றி, அவர் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து அப்படியே காப்பியடித்தான். முறையாக ஒரு பாடமும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொடியன்தான் பாபி ஜோன்ஸ். 1930இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக ஒரே வருஷத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் வாரிக்கொண்டு போனவர். ஏகலைவன் கதைதான், குரு கட்டைவிரலைக் கேட்காததால் மட்டைப் பிடி பிழைத்தது. மறு வருஷமே வார்னர் பிரதர்ஸ் ஜோன்ஸை வைத்துப் பன்னிரண்டு குறும்படங்கள் எடுத்து, எப்படி அடிப்பது என்று நாட்டுக்கே பாடம் நடத்தியது. பாடமே படிக்காதவரைப் பாடம் சொல்ல வைத்ததில் யாருக்கும் முரண் தெரியவில்லை. கோப்பை வென்றவன் சொன்னால் வேதம்.

இந்தக் கும்பலில் எனக்கு நிஜமாகவே பிடித்தவர் எர்னஸ்ட் ஜோன்ஸ். பாபிக்குச் சொந்தமில்லை. இங்கிலாந்தில் கெண்ட் பக்கம் சிஸல்ஹர்ஸ்ட் கிளப்பில் வேலை பார்த்தவர். முதல் உலகப் போரில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். கால் போனால் கோல்ஃப் போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்றைய புத்தகங்களெல்லாம் எடையை எந்தக் காலுக்கு எப்போது மாற்ற வேண்டுமென்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தன. இவரிடம் மாற்றுவதற்கு இன்னொரு கால் கிடையாது. ஊன்றுகோலோடு ராயல் நார்விச் மைதானத்துக்குப் போய் ஒற்றைக் காலில் 83 அடியில் முடித்தார். நம்மில் இரண்டு காலோடு வருஷக்கணக்கில் போகிறவர்கள் 100ஐத் தாண்டாமல் இருந்தால் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்த ஜோன்ஸுக்கு ஒன்று பிடிபட்டது. மட்டையின் தலையை வீசு, உடம்பு தானாகப் பின்னால் வரும். அவ்வளவுதான் மொத்தச் சித்தாந்தமும். மேரியன் ஹாலின்ஸ் என்ற அமெரிக்க வீராங்கனை அவரை அழைத்துக்கொண்டு போக, கடைசியில் நியூயார்க் ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் கடை விரித்தார். அங்கே புல் இல்லை, குழி இல்லை, வானம் இல்லை. கைக்குட்டை நுனியில் ஒரு பேனாக்கத்தியைக் கட்டி ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் காட்டுவார். மாணவர் மட்டையை அதே மாதிரி ஆட்ட வேண்டும். வர்ஜீனியா வான் வை இந்த ஊஞ்சலில் ஆடித்தான் 1932, 1933, 1934 என்று வரிசையாக மூன்று முறை அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்றார். அமெரிக்கத் தொழில்முறை வாத்தியார்கள் சங்கம் இந்த முறையை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: இவ்வளவு எளிதாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது வகுப்புக்கு எவன் காசு கொடுப்பான் என்று கேட்டார்களாம். கதை பொய்யாகவே இருந்தாலும் கேட்டவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

எளிமையில் என்ன கஷ்டமென்றால், ஜனங்களுக்கு அதில் மரியாதை வராது. டாக்டர் வெந்நீர் குடியுங்கள் என்று அனுப்பினால் திருப்தியாகவா இருக்கிறது? நாலு டெஸ்ட், ஒரு ஸ்கேன் எழுதினால்தான் ‘நல்லாப் பாக்கறாரு’ என்று பெயர். கோல்ஃப் உலகத்துக்கு அந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்தவர் ஹோமர் கெல்லி. முதலாளி அழைத்தாரென்று ஒருநாள் மைதானத்துக்குப் போனவர், முதல் ஆட்டத்தில் 116 அடித்தார். சில மாதம் கழித்து ஒருநாள் 77 அடித்துவிட்டார். நாமாக இருந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்போம். கெல்லி ஏன், எப்படி என்று வாத்தியார் வாத்தியாராகப் போய்க் கேட்டார். எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்தவர் சுமார் முப்பது வருஷம் எழுந்திருக்கவில்லை. 1969இல் ‘த கோல்ஃபிங் மெஷின்’ வெளிவந்தது. ஒரு வீச்சுக்கு 24 உறுப்புகள், அவற்றுக்கு 144 மாறுதல்கள். அதைப் படித்த கோல்ஃப்காரர்கள் இரண்டு வகையானார்கள்: புரியவில்லை என்று மூடி வைத்தவர்கள், புரியவில்லை என்பதாலேயே நம்பியவர்கள்.

இந்த மதத்தின் அவதார புருஷனாக வந்தவர் பாபி கிளாம்பெட். சுருட்டை முடி, கலிஃபோர்னியா இளைஞர். 1982இல் ராயல் ட்ரூனில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் முதல் நாள் 67, இரண்டாம் நாள் 66. ஐந்து அடி முன்னிலை. மூன்றாம் நாள் ஆரம்பத்தில் ஏழு அடி. 144 மாறுதல்களும் கைகட்டிச் சேவகம் செய்தன. பிறகு ஆறாவது குழியில் மணற்பள்ளம் மணற்பள்ளமாக விழுந்து எழுந்து எட்டு அடி எடுத்தார். அன்றைக்கு 78, மறுநாள் 77, கோப்பை டாம் வாட்சனுக்கு. மணலில் அலைந்தது கிளாம்பெட், அடி விழுந்ததென்னவோ கெல்லி எழுதிய புத்தகத்தின்மேல்.

இதற்கு நேர் எதிராக நடந்தது நிக் ஃபால்டோவுக்கு. முக்கியமான கட்டங்களில் மடங்கிவிடுகிறார் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர் பெயரையே திரித்து ‘ஃபோல்டோ’ என்று கேலி செய்தன. ஜெயித்துக்கொண்டிருந்த வீச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு டேவிட் லெட்பெட்டர் என்ற வாத்தியாரிடம் போய்ச் சரணடைந்தார். இரண்டு வருஷம் பட்டறையில் கிடந்தார். 1987இல் மியூர்ஃபீல்டில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் கடைசி நாள் 18 குழியிலும் 18 பார், அதாவது குழிக்கு விதித்த அடிக்கணக்கு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. சுவாரஸ்யமே இல்லாத மகத்தான வெற்றி. மறுநாளிலிருந்து லெட்பெட்டரின் ஓலைத்தொப்பிக்கே ஞானம் வந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு வருஷத்தில் ஃபால்டோ திண்டாடியதை யாரும் லெட்பெட்டர் கணக்கில் எழுதவில்லை பாருங்கள்.

வேடிக்கையின் உச்சம் பிறகு வந்தது. குண்டுகளைப் பின்தொடரும் ரேடார் நுட்பத்தை டென்மார்க்கில் கோல்ஃப் பந்தின் பின்னால் ஓட விட்டார்கள். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் என்ன நடக்கிறதென்று கருவி சொன்னது. மட்டை வீசப்படும் பாதையில்தான் பந்து கிளம்பும் என்று தலைமுறை தலைமுறையாக வாத்தியார்கள் சொல்லி வந்திருந்தார்கள், பாடப் புத்தகத்திலும் அச்சாகியிருந்தது. ரேடார் பார்த்துவிட்டு, பந்து பெரும்பாலும் மட்டையின் முகம் பார்க்கும் திசையில்தான் கிளம்புகிறது என்றது. ஆக, தப்பான பாடத்தைப் படித்து லட்சக்கணக்கானோர் தேறியிருக்கிறார்கள்! எப்படித் தேறினார்கள் என்று ரேடாரிடம் கேட்டால் அது டிகிரிக் கணக்கு சொல்கிறது.

தேறிய விதம் டெக்சாஸ்காரர் ஹார்வி பெனிக்குக்குத் தெரிந்திருக்கும். எட்டு வயதில் கேடியாகச் சேர்ந்து, 1923இல் ஆஸ்டின் கண்ட்ரி கிளப்பின் தலைமை வாத்தியாரானவர். பாடத்தை மருந்துபோல் சொட்டுக் கணக்கில்தான் கொடுப்பார். ஒரு மாத்திரை சொன்னால் பாட்டிலையே விழுங்கிவிடுகிறார்களே என்பது அவர் கவலை. டாம் கைட், பென் கிரென்ஷா என்று இரண்டு பெரிய சீடர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவரை எட்டிப் பார்க்க விடமாட்டார், ஒருவர் மருந்தை இன்னொருவர் குடித்துவிடக் கூடாதே! பல பத்தாண்டுகளாகச் சிவப்பு நோட்டில் எழுதி வைத்ததை மகனைத் தவிர எவரிடமும் காட்டவில்லை. கடைசியில் பட் ஷ்ரேக் என்ற எழுத்தாளரிடம் கொடுத்தார். பதிப்பகம் 90,000 டாலர் என்று சொல்லியனுப்பியதும் கிழவர் ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன் என்று மறுநாள் கேட்டாராம். புத்தகம் போட வாத்தியார்தான் காசு கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இந்தத் தொழிலில் இப்படி ஒருவர் இருந்ததை ரேடார் காட்டிக் கொடுத்திருக்காது. ‘லிட்டில் ரெட் புக்’ 1992இல் வந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே வருஷம் கைட் யூ.எஸ். ஓபனை வென்றார்.

1995 வசந்தத்தில் பெனிக் படுத்த படுக்கை. கிரென்ஷாவுக்கோ அப்போது ஆட்டம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. படுக்கையருகே மட்டையோடு நின்று, குழிக்குள் உருட்டும் வித்தையில் கடைசிப் பாடம் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 2இல் பெனிக் காலமானார். கிரென்ஷாவும் கைட்டும் அகஸ்டாவிலிருந்து ஆஸ்டினுக்குப் பறந்துவந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள், மாஸ்டர்ஸ் போட்டி ஆட அங்கேயே திரும்பிப் போனார்கள். ஏப்ரல் 9, ஞாயிறு, 43 வயது கிரென்ஷா மாஸ்டர்ஸ் வென்றவருக்கான பச்சைக் கோட்டைத் தட்டிக்கொண்டு போனார்.

நடுவில் ஒன்று நடந்தது. பயிற்சி நாளில் அவருடைய கேடி கார்ல் ஜாக்சன், பந்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொள், தோளை இறுக்கமாகத் திருப்பு என்று இரண்டே வார்த்தை சொன்னார். நாலு பந்து அடித்த கிரென்ஷாவுக்கு ஆட்டம் திரும்பிவிட்டது. ஆனாலும் ஜெயித்த பிறகு, தன் பையில் 15வது மட்டையாக ஹார்வி இருந்தார் என்றுதான் சொன்னார். கோல்ஃப் விதிப்படி பையில் 14 மட்டைதான் வைத்துக்கொள்ளலாம், ஒன்று கூடினாலும் அபராதம். அன்றைக்கு நடுவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஜாக்சனும்தான்.