அகலக் கட்டத்தார்

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சற்று முன்னதாக எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் அகலக் கட்டத்தாரைக் காணலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தின் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம். அதனால் வட்டாரத்தில் உள்ள கார்கள் அத்தனையும் அந்த ஆறு மணி நேரத்துக்குள் வந்து குவியும். அப்போதும் தரிப்பிடத்தின் கடைக்கோடியில் இடம் தாராளமாகக் கிடக்கும். அகலக் கட்டத்தார் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். வாசலுக்கு நேர் எதிரே, ஒரு பெரிய உருவமும் அதன் கையைப் பிடித்த சின்ன உருவமும் தரையில் வரையப்பட்டிருக்கிற வரிசையைத்தான் வலம் வந்துகொண்டிருப்பார். வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. காரில் அவரைத் தவிர ஆளில்லை. பின்னால் ஒரு குழந்தை இருக்கை மட்டும் பட்டி பூட்டியபடி கிடக்கும்.

இவர் எல்லா இனத்திலும் உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஹாரோவில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் அவரையே வைத்துக்கொள்வோம்.

முதலில் கட்டத்தின் கதை. பிரித்தானியாவில் சாதாரணத் தரிப்புக் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். 1959இல் மினி கார் வந்தபோது அதன் அகலம் 1.4 மீட்டர்தான். அப்படி இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்று ஊர்க்கதை பேசலாம். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு நிற்கிற நிசான் காஷ்காய், பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டு அளந்தாலே 1.8 மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டு காருக்கு நடுவில் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர் கூட இல்லை. அதற்குள் கதவைத் திறந்து, உடம்பை நுழைத்து, வில்லாக வளைந்து அடம்பிடிக்கிற ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பட்டியிலிருந்து விடுவித்து, தலை இடிபடாமல் வெளியே எடுக்க முதுகெலும்பே இல்லாத தகப்பன் வேண்டும். பக்கத்துக் காரில் கீறல் விழுந்தால் அது தனி வழக்கு. ஆகவே கடைக்காரர்கள் சில கட்டங்களை அகலமாக விட்டார்கள். பிள்ளைகள் ஓடுகிற கார்களுக்கு நடுவே நடக்கவேண்டாமே என்று வாசலோடு ஒட்டியும் வைத்தார்கள். அந்த இரண்டாவது நல்லெண்ணம்தான் நம்மவரைக் கெடுத்தது.

கெடுமுன் அவர் உத்தமர். தொண்ணூறுகளின் கடைசியில் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, பிள்ளையில்லாமல் அந்தக் கட்டத்தில் நிறுத்துகிறவர்களை அவரைப்போல் வெறுத்தவர் கிடையாது. மகளை ட்ரொலியில் இருத்திக்கொண்டு, கடைக்குள் போகாமல், குற்றவாளி திரும்பி வரும்வரை வெளியிலேயே காவல் நிற்பார். ஒற்றைப் பால் போத்தலோடு வருகிற ஆளை மறித்து, "உங்கடை பிள்ளை எங்கை?" என்பதைத் தன் ஆங்கிலத்தில் கேட்பார். அப்படி மாட்டிய ஒரு அம்மாள், தன் பிள்ளைகள் மூவரும் உள்ளே பிஸ்கட் தட்டுக்கு முன்னால் தகப்பனோடு மல்லுக்கட்டுவதைக் கண்ணாடி வழியாகக் காட்டினாராம். இவர் அசரவில்லை. "அவ சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி" என்று வீட்டில் வந்து தீர்ப்பு எழுதினார்.

சண்டை பிடித்தே சட்டம் படித்தார். படித்ததில் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மாற்றுத்திறனாளிகளின் கட்டத்துக்கு இப்போது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் துணை நிற்கிறது. பிள்ளைக் கட்டத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அது தனியார் நிலத்தில் கடைக்காரர் பார்த்துச் செய்த உபகாரம். பொலிஸ் வராது, நகரசபை வராது. மிஞ்சிப்போனால் தரிப்பிடத்தைக் கவனிக்கிற கம்பெனி ஒரு காகிதம் அனுப்பும். பார்த்தால் தண்டம்போல் இருக்கும். உண்மையில் பலகையில் எழுதிய நிபந்தனையை மீறியதற்கு அவர்கள் கேட்கிற காசு. "அதைக் குப்பையிலை போடுங்கோ, ஒண்டும் செய்யேலாது" என்று கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் இலவச ஆலோசனை வழங்கத் தொடங்கினார். 2015 நவம்பரில் வந்தது வினை. செம்ஸ்ஃபோர்டில் இலவசமாக நிற்கலாம் என்ற இரண்டு மணி நேரத்தைத் தாண்டி நின்ற பாரி பீவிஸ் என்பவர் 85 பவுண் கட்டத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு கலியாண வீடுகளில் சிலர் நம்மவரைத் தேடிக்கொண்டு திரிந்தார்கள். அவர் பந்தி தொடங்குமுன்பே வேறு அலுவல் இருக்கிறதென்று புறப்பட்டிருந்தார்.

பிள்ளை எத்தனை வயதுவரை பிள்ளை என்பது அடுத்த பிரச்சினை. கடைக்குக் கடை பலகை வேறு. சில பலகைகளில் வயதே இராது. ஆகவே நம்மவர் வேறொரு சட்டத்தைக் கடன் வாங்கினார். 2006 செப்டம்பரிலிருந்து காரில் பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டும், 12 வயது நிறையும்வரை அல்லது 135 சென்டிமீட்டர் உயரும்வரை, எது முந்துகிறதோ அதுவரை. இது இருக்கைக்கான சட்டம், கட்டத்துக்கானது அல்ல என்று யாராவது சொன்னால், "ரெண்டும் ஒரே கார்தானே" என்பார்.

வீடுகளில் குசினிக் கதவோரம் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளையின் வளர்த்தியைப் பார்த்துப் பூரிப்பார்கள். இந்த ஒரு வீட்டில்தான் கோடு மேலே போகப் போகத் தகப்பனின் முகம் வாடியது. மகன் ஒன்பது வயதில் 134ஐத் தொட்டான். "சப்பாத்தைக் கழட்டு. தலைமயிரை அமத்து." திரும்பவும் அளந்தார். அன்று பின்னேரமே சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாய் ஊற்றிக் கொடுத்த பாலைக்கூட ஒரு மாதிரித்தான் பார்த்தாராம். இது அவருடைய மனைவி சொன்னது. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

135ஐத் தாண்டியதும் உயரக் கணக்கைக் கைவிட்டு வயதுக் கணக்குக்கு மாறினார். பதினொரு வயதுப் பையன் ஞாயிறு தோறும் கடவுச்சீட்டாகக் கொண்டுபோகப்பட்டான்.

"நான் வரேல்லை அப்பா."

"வா ராசா, அஞ்சு நிமிசம்."

"நான் காருக்குள்ளையே இருக்கட்டோ?"

"இரு. ஆனா வெளியிலை தெரியிற மாதிரி இரு."

பதின்மூன்றில் பூனை மீசை அரும்பியபோது கட்டளை தலைகீழாக மாறியது. "கொஞ்சம் பதிஞ்சு இரு தம்பி." சம்பளம் ஒரு பைக்கட் கிரிஸ்ப்ஸ். பதினாலில் பையன் இரண்டு பைக்கட் கேட்டான். பேச்சுவார்த்தை முறிந்தது.

அன்று தொடங்கியது வெற்று இருக்கையின் காலம். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள், வேலைக்குப் போனார்கள். இருக்கை போகவில்லை. கார் மூன்று முறை மாறியபோதும் அது கூடவே மாறியது. "இஞ்சாருங்கோ, உந்தச் சீற்றைக் கழட்டுங்கோவன். ஆக்கள் ஏறேக்கை இடைஞ்சல்" என்று மனைவி கேட்டால், "சும்மா இரும். பேரப்பிள்ளையள் வந்தால் தேவைப்படும்" என்பார். மகளுக்கு அப்போது கலியாணப் பேச்சுகூட எடுக்கவில்லை. திரும்பும்போது பத்துக் கிலோ அரிசி மூட்டையை அந்த இருக்கையில் வைத்துப் பட்டியும் பூட்டுவார். அருகில் நிறுத்தியிருந்த ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதைத் தனக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார்.

இந்த வரிசையில் வேறு சிலரும் நிற்பார்கள். இயந்திரத்தை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிற கணவன்: "நான் பார்க் பண்ணேல்லை, சும்மா நிக்கிறன்." புதுக் காருக்குக் கீறல் விழக்கூடாதென்று வந்த இளைஞன். பின் கண்ணாடியில் குழந்தை இருக்கிறது என்ற மஞ்சள் அட்டையை மட்டும் நம்பி வந்தவர். இவர்களை நம்மவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "ஒரு முறை எண்டு ஒண்டு வேண்டாமோ?" என்பார், தன் வெற்று இருக்கையைச் சரிசெய்துகொண்டே. சக்கர நாற்காலி வரைந்த கட்டம் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தாலும் அதில் ஒருபோதும் நிறுத்தமாட்டார். "அது பாவம்." இதைப் பகிடியாகச் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறார். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அகலம்தான் தேவை என்றால் அதே கட்டங்களைத் தரிப்பிடத்தின் மறுகோடியில், நடைபாதை ஓரமாகப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பிள்ளையோடு வருகிறவர்கள் போவார்கள். அகலக் கட்டத்தார் ஒரே வாரத்தில் காணாமல் போய்விடுவார். இதை அவரிடம் சொன்னேன். பதிலுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். சியோல் மாநகரம் 2009இல் பெண்களுக்கென இளஞ்சிவப்புக் கோடு போட்ட கட்டங்களைக் கொண்டுவந்தது. 2023இல் அவற்றைக் குடும்பக் கட்டங்களாக மாற்றியபோது கர்ப்பிணிகளோடும் கைக்குழந்தைக்காரரோடும் நடக்கச் சிரமப்படும் முதியவர்களையும் சேர்த்துக்கொண்டது. முதியவர்கள் என்ற சொல்லுக்கு மூன்று கைகூப்புப் படங்கள் போட்டிருந்தார். கொரியாவுக்கு விசா எடுப்பது கஷ்டமோ என்றும் கேட்டிருந்தார்.

அதற்குத் தேவை வரவில்லை. போன வருடம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வாழ்த்துச் சொல்லப் போனபோது மனிதர் பத்து வயது குறைந்து தெரிந்தார். இப்போது வருகிற இருக்கைகளில் பிள்ளையைப் பதினைந்து மாதம்வரை பின்பக்கம் பார்த்துத்தான் இருத்தவேண்டுமாம், அதைப் பொருத்தும் முறையாம், எல்லாம் விளக்கினார். பன்னிரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதல் ஞாயிறு மகள்தான் காரை ஓட்டினாள். இவர் பேத்திக்குப் பக்கத்தில் பின்னால் இருந்தார், அரசனைப்போல. மகள் தரிப்பிடத்துக்குள் நுழைந்தாள். வாசலைத் தாண்டினாள். அகலக் கட்டங்களைத் தாண்டினாள். நேரே மறுகோடிக்கு விட்டாள்.

"பிள்ளை, பிள்ளை, அங்கை ஒண்டு வெறுமையாக் கிடக்குது!"

"இஞ்சை ரெண்டு பக்கமும் ஒருத்தரும் இல்லை அப்பா. கதவை முழுசாத் திறக்கலாம். உங்களையும் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர்தானே."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகள் குழந்தையை இறக்கி ட்ரொலியில் வைக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு முன்பக்கம் வந்து கையை நீட்டினார்.

"திறப்பைத் தா. நீ பிள்ளையோடை உள்ளுக்குப் போ. நான் காரை அங்கை விட்டிட்டு வாறன். ஆரும் கேட்டால் பிள்ளை உள்ளுக்கை நிக்குதெண்டு சொல்லலாம்தானே."