மூளைக்குச் சுருதி சேர்ப்பது எப்படி?

முதலில் நேரம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பை பஸ் ஸ்டாப்பில், முதல் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் வருவதற்கு முந்தின கால் மணி நேரமே உகந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள்.

அடுத்து, மூளைக்கு ஒரு வாத்தியம் பொறுக்க வேண்டும். "மூளை ஹேங் ஆயிடுச்சுப்பா" என்கிறவர்கள் ஏற்கெனவே கம்ப்யூட்டரிடம் போனவர்கள். ஒரு டீ குடித்து ரீஸ்டார்ட் ஆகிக்கொள்வார்கள். டீம் லீடர்களுக்கு மத்தளம் எப்போதோ ஒதுக்கியாகிவிட்டது. வேறு கேட்காதீர்கள்.

வீட்டில் இடம் இருந்தால் சர்ச் ஆர்கன் எடுக்கலாம். பரிந்துரைத்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட். அவர் இறந்து 12 ஆண்டு கழித்து, 1662-இல் வெளிவந்த மனிதனைப் பற்றிய நூலில் இதயம்தான் துருத்தி. அது தள்ளும் நுண்ணிய ஆவி மூளைக்குள் பாய்கிறது. வெளியுலகப் பொருள்கள் கட்டைகளை அழுத்தும் விரல்கள். கன்வேயர் ஓரம் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு விளக்கமே தேவையில்லை: லைனில் வருவதெல்லாம் அவரை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் போகிறது. 1769-இல் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ வேறு மாடல் காட்டினார். உணர்ச்சியும் ஞாபகமும் உள்ள கட்டை வாத்தியம். தன்னைத் தானே வாசித்துக்கொள்ளும். சூப்பர்வைசருக்கு அதில் வேலை இல்லாததால் நம் பக்கம் விற்காது.

உள்நாட்டுச் சரக்குதான் வேண்டுமா? ஐதரேய ஆரண்யகம் மனித உடம்பையே வீணை என்கிறது: தலைக்குத் தலை, வயிற்றுக்குக் குடம். நல்லதுதான். ஆனால் வீணையின் 24 மெட்டும் மெழுகில் நிற்பவை. சித்திரை மாதத்து ஒரகடம் வெயிலில் அதை இறக்கிவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தமிழருக்கு இன்னொரு வசதி உண்டு. யாழின் தந்திக்கும் நரம்பு, மண்டைக்குள் ஓடுவதற்கும் நரம்பு. டெகார்ட் புத்தகம் எழுதிச் சொன்னதை நாம் ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21. விபுலாநந்தர் இந்தக் கணக்கையெல்லாம் ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். 'நரம்புத் தளர்ச்சியா?' என்று சுவரில் கேட்கிறாரே ஒரு வைத்தியர், அவர் விசாரிப்பது யாழை அல்ல.

இனி முறுக்கும் பதம். வீணை வாசித்துப் பழகிய சோணர் என்ற சீடரிடம், அதிகம் முறுக்கினாலும் ஆகாது, தளரவிட்டாலும் ஆகாது என்றார் புத்தர். எனவே பிரடையை மெல்லத் திருகுங்கள். பிரடை கைக்குத் தட்டுப்படவில்லையா? பதறாதீர்கள். அது ஷிஃப்ட் ரோஸ்டர் போடுகிறவர் மேஜையில் இருக்கும். ஒரு வாரம் பகல், மறு வாரம் ராத்திரி, நடுவில் ஓ.டி. என்று அவர் திருகிக்கொண்டே இருப்பார். புத்தர் சோணரிடம் பேசியபோது வீணையும் பிரடையும் ஒரே ஆளிடம் இருந்தன.

பஸ் வந்துவிட்டால் சேராத சுருதியோடே ஏறிவிடுங்கள். ஜன்னல் சீட் கிடைத்தால் ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் நரம்பு தானே தளர்ந்துவிடும். அதன்பின் திறந்த வாய் வழியாக வருவது ஆர்கன்.