ஊர்ப்பெயர் செல்லாது

எழுத்துகளைப் பலகையில் அடுக்கி, ஆங்கிலச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஸ்கிராபிள் பிரியர்களுக்கு ராஜபாளையம் ஒரு புதையல். ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. அதில் ஐந்து 'ஏ'. வேறு உயிரெழுத்தே கிடையாது. அச்சு அசல் 'அப்ரகடப்ரா'வின் ஜாதகம்! கூட்டிப் பார்த்தால் மந்திரத்துக்கு 18 புள்ளி, நம்மூருக்கு 25. எல்லாம் எட்டுப் புள்ளி 'ஜே'யின் தயவு.

ஸ்ரீவில்லிபுத்தூரோ பலகையின் 15 கட்ட வரிசையையே கிட்டத்தட்ட அடைத்துவிடும். 'டி'க்குப் பக்கத்தில் 'ஹெச்' போடுவதா, இன்னொரு 'டி'யா என்பதில் பெயர்ப்பலகைகளுக்குள் ஒற்றுமை இல்லை. (எப்படிப் போட்டாலும் 14 எழுத்துதான், சண்டை வேண்டாம்.)

ஆனால் இடப்பெயர் செல்லாது என்கிறது விதி. மந்திரவாதியின் முணுமுணுப்பு செல்லுமாம். கோபுரம் உயர்ந்து நிற்கும் ஊர் செல்லாதாம். விதி எழுதியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்டதில்லை.