ஆண்டிபட்டியை ஜெயிப்பது எப்படி?

1984 டிசம்பரில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் ப்ரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியை ஜெயித்தார். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த நேரம். பிரசாரத்துக்கு ஒருநாள்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் சாப்பிடுவதை வீடியோ எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜனம் உருகி இரட்டை இலையில் குத்தியது. குத்தியவர்களில் என் அம்மாவும் உண்டு. ஜெயித்தவர் அடுத்த பிப்ரவரியில்தான் தமிழ்நாடு திரும்பினார்.

அதே ப்ரூக்ளினுக்குப் பக்கத்தில், நியூஜெர்சியில் குடியிருக்கிறேன். தொகுதியெல்லாம் எனக்கு வேண்டாம். ஆண்டிபட்டியில் ஒரே ஒரு ஓட்டரை பிரஷர் மாத்திரை போட வைக்க முடியவில்லை.

மாத்திரைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' புண்ணியத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடியே வந்துவிடுகிறது. கொண்டுவரும் பெண்ணுக்கு அம்மா காபி போட்டுக் கொடுப்பாள், அவள் மாமியார் கதையை முழுசாகக் கேட்பாள், மாத்திரையை வாங்கி ஆணியில் தொங்கும் மஞ்சப்பையில் போடுவாள். போட்டதோடு சரி. "அந்தப் புள்ள வேகாத வெயில்ல வருது, வேணாம்னா மனசு நோகும்ல?"

கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை போட்ட மாத்திரை டப்பா அனுப்பினேன். போன தடவை ஊருக்குப் போனபோது திறந்து பார்த்தேன். ஞாயிறில் கிராம்பு. திங்களில் ஏலக்காய். செவ்வாயில் ஊக்கு, புதனில் சில்லறை. வியாழனில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். சூடம்.

சுகர் பார்க்கும் மிஷினும் வாங்கிக் கொடுத்திருந்தேன். வாராவாரம் போனில் கேட்டால் 120 என்பாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தத் தடவை கானாவிலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் 286.

"ஏம்மா, 120-ன்னு சொன்ன?"

"நீ தூங்கப் போற நேரத்துல கேப்ப. அதான் பாத்துக் கொறச்சுச் சொன்னேன்."

கடைசியில் கூடத்தில் கேமரா மாட்டிவிட்டு விமானம் ஏறினேன். மூன்று நாள் அம்மா நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, கேமராவுக்கு நேராக நின்று மாத்திரையை வாயில் போட்டுக் காட்டினாள். 84-ஆம் வருஷத்து ஜனம் மாதிரி நானும் உருகிப்போனேன். கொல்லைக்குப் போய்த் துப்பியது கேமராவுக்கு எட்டவில்லை. எதிர்வீட்டு மதினிதான் போட்டுக்கொடுத்தது.

கேட்டேன். மறுநாள் கேமரா வாசல் முருங்கையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அம்மாவிடமிருந்து போன்.

"ஏப்பா, எனக்கு ராத்திரின்னா ஒனக்குப் பகல்தான? முழிச்சுத்தான இருப்ப. நம்ம முருங்கைக்காய எவளோ பறிச்சிட்டுப் போறா. யாருன்னு பாத்துச் சொல்லு."

மாத்திரை பேச்சை எடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

நேற்று மதியம் ஆபீஸ் மீட்டிங் நடுவில் போனை எட்டிப் பார்த்தால், மரத்தடியில் ஆள் நடமாட்டம். படத்தைப் பெரிசாக்கினேன். தொரட்டியும் கையுமாக நிற்கிறது எதிர்வீட்டு மதினி.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆண்டிபட்டியில் எனக்கு இருக்கிற ஒரே பூத் ஏஜென்ட் அதுதான்.