பலா வீணை, பிளைவுட் பியானோ

கே: லட்சக்கணக்கில் விலை சொல்லும் பியானோவுக்குள் பிளைவுட்டாமே! வாங்குவது வாத்தியமா, அலமாரியா? (கோவளம்)

ப: பிளைவுட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். பியானோவின் இருநூற்றுச் சொச்சம் தந்திகளும் சேர்ந்து இழுப்பது 15 முதல் 20 டன். அதில் பெரும்பகுதியை வார்ப்பிரும்புச் சட்டம் சுமக்கிறது. சுருதி ஆணிகளை இறுகப் பிடித்திருப்பதோ மரப்பலகை. அது ஒரே கட்டையானால் ரேகை வழியே வெடிக்கும், ஆணி தளரும், சுருதி இறங்கும். அதனால் மேப்பிள், பீச் போன்ற வைர மரங்களை அடுக்கடுக்காக ரேகை மாற்றி ஒட்டுகிறார்கள். கிராண்ட் பியானோவின் வளைந்த விளிம்பும் ஒட்டி வளைத்ததே. ஸ்டைன்வே நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேலையில் இறங்கிவிட்டது.

கே: அப்படியானால் முழுவதையும் ஒட்டியே செய்யலாமே? (செங்கல்பட்டு)

ப: ஒலிப்பலகையில் ஒட்டு எடுபடாது. ஸ்புரூஸ் மரம் எடை குறைவு, ரேகைவாக்கில் விறைப்பு அதிகம். அதில் அதிர்வு தடையின்றி ஓடும். குறுக்கே ஒட்டிய அடுக்கும் பசையும் அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும். விலை குறைந்த பியானோக்களில் ஒட்டு ஒலிப்பலகை உண்டு. நாதம் கொஞ்சம் மந்தம். ஆனால் விரிசல் விடாது.

கே: மாமல்லபுரம் கடலோர வீட்டுக்கு எது ஏற்றது? (பூஞ்சேரி)

ப: முழுமரம் ஈரத்தில் குறுக்குவாக்கில் உப்பும், வறட்சியில் சுருங்கும். கடற்காற்றைவிடக் கெடுதல், இரவில் ஏ.சி., பகலில் திறந்த ஜன்னல் என்ற மாறாட்டம். அதை ஒட்டுப்பலகை தாங்கிக்கொள்ளும். எம்.டி.எஃப். அப்படியல்ல, தண்ணீர் பட்டு ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் தந்திக்கு மரத்தின் ஜாதி தெரியாது.

கே: ஒட்டு வீணையும் இந்தப் பிளைவுட் ரகம்தானா? (திருக்கழுக்குன்றம்)

ப: இல்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் இரண்டு வகையும் பலாமரம்தான். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியே குடைந்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. ஏகாண்டத்திலும் குடத்தை மூடும் மேல்பலகை தனித்துண்டு என்பதை விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. இணைப்பு சரியாக இருந்தால் ஒட்டு வீணை தாழ்ந்ததல்ல. தண்டி பழுதானால் அதை மட்டும் மாற்றவும் முடியும்.

கே: ஏகாண்ட வீணையைக் காரில் வைத்துவிட்டுக் கடற்கரைக் கோயிலைப் பார்த்து வரலாமா? (சிங்கப்பெருமாள் கோயில்)

ப: கோயிலைப் பார்க்கலாம். வெயிலில் நின்ற காருக்குள் வீணையின் 24 மெட்டுகளும் நகர்ந்திருக்கும். அவை பதிந்திருப்பது மரத்தில் அல்ல, மெழுகில். திரும்பியதும் மேளம் கட்டுபவரை, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பவரைத் தேட வேண்டிவரும்.