காகதாலீய மெக்கானிக்

சென்னையின் நங்கநல்லூர், ஆதம்பாக்கம், வேளச்சேரி போன்ற பகுதிகளில் 16 வீடோ 24 வீடோ கொண்ட எந்த அடுக்ககத்தை எடுத்துக்கொண்டாலும், செயலாளர், பொருளாளர், தண்ணீர் லாரிக்குப் போன் செய்பவர் ஆகியோருக்கு அடுத்தபடியாக, யாரும் தேர்ந்தெடுக்காமலே பதவிக்கு வந்து, யாராலும் இறக்க முடியாமல் அதில் நீடிக்கும் ஒருவர் இருப்பார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால், குழந்தைகள் முதல் காவலாளி வரை அவரை 'டெஸ்டர் சார்' என்றே அழைப்பர். டெஸ்டர் என்பது, கைப்பிடிக்குள் சிறு நியான் விளக்கும் அதனோடு ஒரு மின்தடையும் வைத்த சின்னத் திருப்புளி; மின்சாரம் உள்ள இடத்தில் அதன் முனையை வைத்து, தலையிலுள்ள உலோகத்தை விரலால் தொட்டால், உணர முடியாத அளவு மின்னோட்டம் உடல் வழியே தரைக்கு இறங்கி, விளக்கு சிவக்கும். இதற்கு மேல் அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. டெஸ்டர் சாருக்கோ அதைக் கொண்டே எல்லாம் தெரிந்துவிடும்.

இவ்வகையினரில் பொறியாளர் அரிது. மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ பணியாற்றியவராக இருப்பினும், கணக்குப் பிரிவிலோ பண்டகசாலையிலோதான் இருந்திருப்பார். பிறர் பழுதுபார்த்ததற்கான பில்களில் 30 ஆண்டு கையெழுத்திட்ட அனுபவம், ஓய்வுக்குப் பின் தாமே பழுதுபார்க்கும் தகுதியாக உள்ளுக்குள் கனிந்துவிடுகிறது. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் இன்சுலேஷன் டேப்பும், நுனி மழுங்கிய குறடும், எதற்கும் பொருந்தாத ஸ்க்ரூக்களும் அவரிடம் உண்டு. கம்பெனி மெக்கானிக்கை அழைப்பது அவர் அகராதியில் தோல்வியை ஒப்புக்கொள்வது மட்டுமன்று, துரோகமும் ஆகும். "அவன் வந்தா போர்டு போச்சுன்னு ஒரே வார்த்தைல அஞ்சாயிரம் பிடுங்கிடுவான்மா" என்பது இவ்வினத்தார் அனைவரும் சொல்லிவைத்தாற்போல் கூறும் வாக்கியம். போர்டு என்றால் மெஷினின் மூளையாக இருக்கும் மின்னணு அட்டை.

இவர் திறமைக்கு ஏற்ற மேடையாக அமைவது, துவைத்து முடித்த பின்னும் திறக்க மறுக்கும் வாஷிங் மெஷின் கதவு. முன்புறம் வட்டக் கண்ணாடிக் கதவுள்ள மெஷின்களில், நிமிடத்துக்கு 1000 முதல் 1400 சுற்று வரை சுழன்று பிழியும் தொட்டிக்குள் யாரும் கையை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவும், உள்ளே நீர் நிற்கும்போது கதவைத் திறந்து கூடத்தைக் குளமாக்கிவிடக் கூடாது என்பதற்காகவும், கதவோரத்தில் சிறு பூட்டுப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பல மெஷின்களில் அப்பெட்டிக்குள் இருப்பது ஈருலோகப் பட்டை. அதாவது, வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த பட்டை. சூடேறினால் ஒரு பக்கம் அதிகமாக விரிவதால் அது வளையும். வளைந்து, ஒரு முளையைத் தள்ளிக் கதவைப் பிடித்துக்கொள்ளும். பட்டையைச் சூடாக்குவதற்கு, குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் தன் மின்தடையைத் தானே உயர்த்திக்கொண்டு அதற்கு மேல் கொதிக்காமல் நிற்கும் பீங்கான் வில்லை ஒன்று உண்டு. துவைப்பு முடிந்து மின்சாரம் நின்றதும் பூட்டு உடனே திறந்துவிடாது. பட்டை ஆறி நிமிர வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். மின்காந்தத்தால் சட்டென்று திறக்கும் பூட்டுகளும் இப்போது வந்துவிட்டன. அவை எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டால் டெஸ்டர் சாரின் இனம் சிட்டுக்குருவி போல் அருகிவிடக்கூடும்.

அவரது புகழ் முழுவதும் விளைவது பட்டை ஆறும் அந்த இரண்டு நிமிடத்தில்தான். இரண்டாம் மாடி அம்மாள் கதவை ஒருமுறை இழுத்து, மறுமுறை இழுத்து, மூன்றாம் முறை காலை ஊன்றி இழுத்துவிட்டு, "சார், கதவு மாட்டிக்கிச்சு" என்று படிக்கட்டில் நின்று குரல் கொடுப்பார். "யாரும் தொடாதீங்க, ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க" என்ற ஆணை உடலுக்கு முன்னே வந்து சேரும்; அன்றைய தினம் அவர் சொல்லப்போகும் வாக்கியங்களில் முற்றிலும் சரியானது இது ஒன்றே. பின்னர் வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி, பிளாஸ்டிக் விளிம்பில் டெஸ்டரை வைத்து, விளக்கு எரியாததைக் கண்டு "ம்" என்பார். பிளாஸ்டிக்கில் எந்த நாளும் எரியாது என்பது வேறு விஷயம். அடுத்து, கண்ணாடியில் காதை வைத்து, முட்டியால் மேலே ஒரு தட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். இதற்குள் டபராவில் காபி வரும். 230 வோல்ட் வரவேண்டிய தெருவில் எவ்வளவு வருகிறது என்று அவர் விளக்கிக்கொண்டே ஆற்றுகையில், டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே காபி ஆறும் வேகமும் பூட்டுக்குள் பட்டை ஆறும் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்போது உள்ளிருந்து 'டக்' என்றொரு ஒலி கேட்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்போ இழுங்க" என்பார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்பர். ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்ந்தது தற்செயலாக இருக்க, முன்னதே பின்னதற்குக் காரணம் போலத் தோன்றுவதை அது குறிக்கும். இங்கே காக்கை தன் எடையால்தான் பழம் விழுந்ததென்று மனதார நம்புவதோடு, அடுத்த மரத்துக்கும் அழைக்கப்படுகிறது.

ஈருலோகப் பட்டையின் பிறப்பு வரலாறு தெரியவந்தால் டெஸ்டர் சார் அதைத் தம் வம்சாவளியில் சேர்த்துக்கொள்வார். அதை அமைத்த இங்கிலாந்துக்காரர் ஜான் ஹாரிசன், கடிகாரத் தொழிலில் முறையான பயிற்சி எதுவும் இல்லாத தச்சர். கடலில் நேரம் தவறாத கடிகாரம் செய்யப் புறப்பட்டு, வெப்பத்திலும் குளிரிலும் அதன் ஓட்டம் மாறாதிருக்க இப்பட்டையைத் தம் மூன்றாவது கடிகாரத்தில் வைத்தார். அந்த ஒரு கடிகாரத்தோடு அவர் 19 ஆண்டுகள் மல்லுக்கட்டி 1759-இல்தான் முடித்தார். படிக்காத மேதை என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 19 ஆண்டு என்ற பகுதியை விட்டுவிடுவது டெஸ்டர் சாருக்குச் சிரமமாக இராது.

பனம்பழம் எப்போதும் விழுந்துவிடுவதில்லை. தொட்டிக்குள் நீர் தங்கிவிட்டால், பல மெஷின்களில் எத்தனை காபி ஆற்றினாலும் கதவு திறக்காது. தொட்டியின் அடியிலிருந்து மேலேறும் சிறு குழாயில் அடைபட்ட காற்றை நீர் அழுத்த, அந்த அழுத்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அறியும் ஏற்பாடு மெஷினில் உண்டு. நீர் இருக்கிறதென்று அது சொல்லிக்கொண்டிருக்கும் வரை பூட்டு விடாது. நீர் வடியாததற்குக் காரணம் பெரும்பாலும் கீழ் மூலையில் சிறு மூடிக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொண்டதே. டெஸ்டர் சார் இதையும் அறிவார். ஆனால் அதைத் திருகுமுன் தட்டையான பாத்திரம் ஒன்றை அடியில் வைத்து, நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட வேண்டும் என்பதை, கூடத்துப் பாய் மிதக்கத் தொடங்கிய பிறகே ஒவ்வொரு முறையும் நினைவுகூர்வார்.

அந்த வடிகட்டி ஒரு குடும்பத்தின் தொல்லியல் களம். ரவிக்கை ஹூக்குகள், ஊக்கு, ஒரு ரூபாய் நாணயம், மாவாகிப் போன பஸ் டிக்கெட், பள்ளிச் சட்டைப் பொத்தான் எனப் படிவு படிவாக வெளிவரும். சில சமயம் நூலும் முடியும் திரண்ட உருண்டைக்குள் மூக்குத்தித் திருகாணி ஒன்று மினுக்கும். நான்கு மாதமாகத் தேடியது அது. அதன் பொருட்டு, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணிடம், நேரடியாக எதுவும் கேட்காமல், "நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். அப்போது வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைத் துடைப்பதில் மும்முரமாகிவிட, டெஸ்டர் சார் மட்டும், "பாத்தீங்களா, இதுதான் அடைச்சிருக்கு" என்று வெற்றியோடு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

கைப்பிடி உடைந்து கொக்கி சிக்கிக்கொண்ட கதவுக்கு அவரிடம் வேறொரு வைத்தியம் உண்டு: கதவின் இடுக்கில் கயிற்றைச் சுற்றி வெட்டி இழுப்பது. இது நைலான் நரம்பால் செய்தால் பலிப்பதுண்டு. அவர் கேட்டு வாங்குவது பூக்கட்டும் நூல். அது அறுந்துபோவதற்கும் மெஷினின் தரக்குறைவே காரணமாகச் சொல்லப்படும்.

இத்தனைக்கும், பல மெஷின்களில் வடிகட்டி மூடிக்கு உள்ளேயே, அவசரத்துக்கு இழுத்துக் கதவைத் திறப்பதற்கென்று சிவப்பிலோ ஆரஞ்சிலோ ஒரு நாடா தொங்குகிறது. நீரை வடித்த பின் அதைக் கீழ்நோக்கி இழுத்தால் போதும். பேரக்குழந்தை விளையாட்டாக அழுத்திவிட்ட குழந்தைப் பூட்டு என்றால், உரிய பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தாலே விலகிவிடும். இவையெல்லாம் படத்துடன் கையேட்டில் இருக்கின்றன. கையேடு, வாங்கிய நாளின் பாலிதீன் உறை பிரிக்கப்படாமல், வாரண்டி அட்டையோடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதை எடுக்கச் சொன்னால் டெஸ்டர் சார் புண்படுவார்.

டெஸ்டர் சாரின் வீட்டிலும் இதே வகை மெஷின் இருக்கிறது. துவைப்பு முடிந்த மணி அடித்ததும் அவர் மனைவி அதன் பக்கம் போவதில்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துவைத்து, கிளிப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டு, ஆற அமர வந்து கைப்பிடியை இழுக்கிறார். தம் வீட்டு மெஷின் கதவு ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை என்றும், எல்லாம் பராமரிப்பில் இருக்கிறது என்றும் சங்கத்தின் பொதுக்குழுவில் டெஸ்டர் சார் சொல்வதுண்டு.