நூறு சதவீத வருகையும் ஒரு சோப்புக் கட்டியும்

பெருமதிப்பிற்குரிய மழலையர் பள்ளி நிர்வாகத்துக்கு,

சென்னையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. எல்.கே.ஜி. வகுப்பில் இருமலும் ஆரம்பித்து, பாட்டு வகுப்பைவிடத் தாளம் தப்பாமல் நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் நிர்வாகத்தின் தொண்டைப் பாராட்டாவிட்டால் பெற்றோருக்கு நன்றி கெட்டவர்கள் என்ற பெயர் வந்துவிடும்.

முதல் பாராட்டு, நூறு சதவீத வருகைக்கான கோப்பைக்கு. மூன்றரை வயதுக் குழந்தை ஒருநாள்கூட லீவு போடாமல் வந்தால் ஆண்டு விழா மேடையில் கைத்தட்டல். அதற்காகவே காலையில் பாராசிட்டமால் சிரப்பை ஊற்றி, நெற்றி குளிர்ந்ததும் அவசரமாக வேனில் ஏற்றிவிடும் வீடுகள் உண்டு. பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்பும்போது அந்தப் பிள்ளை விளையாட்டு மூலையில், பக்கத்துப் பிள்ளை கடித்து வைத்த பிளாஸ்டிக் யானையைக் கடித்துக்கொண்டிருக்கும். இன்ஃபுளுயன்சா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கக்கூடியது. ஆகவே யானைக்கும் முழு வருகைதான். அதற்கும் ஒரு கோப்பை தரலாம்.

(பெற்றோர் உத்தமர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்தில் லீவு கேட்டுப் பல்லிளிக்கும் ஒரு தாய்க்கு, பள்ளியும் கோப்பையைக் காட்டி ஆசை ஊட்ட வேண்டுமா?)

அடுத்து, வாசலில் நிற்கும் சானிடைசர் ஸ்டாண்ட். கொரோனா காலத்தில் வாங்கியது. காலால் மிதித்தால் காற்று வரும். அதில் திரவம் இருந்தாலும் பெரிய நிம்மதியில்லை. கொழுப்புறை போர்த்திய இன்ஃபுளுயன்சா, கொரோனா வைரஸ்களை ஆல்கஹால் சிதைத்துவிடும். நோரோ வைரஸுக்கும், கை-கால்-வாய் நோயைத் தரும் காக்சாக்கி வைரஸுக்கும் அந்த உறை கிடையாது. ஆல்கஹாலுக்கு அவை அவ்வளவு எளிதில் அசைவதில்லை. சோப்பு போட்டு இருபது விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவி விடுவதுதான் வழி. 2022இல் கேரளத்தின் கொல்லத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பரவி, ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கியது இந்தக் கை-கால்-வாய் நோயின் உறவுதான். கொப்புளம் ஆறிய பிறகும் சில வாரங்களுக்குக் குழந்தையின் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். 2023 ஜனவரியில் எர்ணாகுளம் காக்கநாட்டில் பள்ளிப் பிள்ளைகளிடம் நோரோ வைரஸ் தெரியவந்தது. அதற்குச் சில துகள்கள் போதும், வகுப்பையே படுக்க வைக்க.

அப்படியானால் குழாயடிக்குப் போவோம். வாஷ்பேசின் இருக்கிறது, ஆசிரியையின் இடுப்பு உயரத்தில். பிள்ளைகள் எக்கி நின்று விரல் நுனியை நனைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரே ஒரு துண்டு. திங்களன்று மாட்டினால் வெள்ளி வரை இருபது ஜோடிக் கைகளுக்கும் பத்து மூக்குகளுக்கும் அதுவே. சோப்பு? ‘பிள்ளைகள் வீணடிக்கிறார்கள்’ என்று அலமாரியில் பூட்டிவைத்திருப்பதாகக் கேள்வி. டயப்பர் மாற்றிய ஆயாம்மாவே அடுத்த நிமிடம் டிபன் பாக்ஸைத் திறந்து ஊட்டவும் வேண்டும். அவரைக் குறை சொல்வது பாவம். ஒரு ஆளுக்கு இரண்டு வேலையைக் கொடுத்து, இடையில் கை கழுவ நேரம் கொடுக்காதது யார்?

ஆனால் அக்டோபர் 15 வந்துவிட்டால் நிர்வாகத்தை யாரும் மிஞ்ச முடியாது. 2008 முதல் உலகமே கை கழுவும் தினமாகக் கொண்டாடும் நாள் அது. சார்ட் பேப்பரில் வண்ணக் கைத்தடம், நுரை போலப் பஞ்சு, வாட்ஸ்அப் குழுவில் நாற்பது படங்கள். படம் எடுத்து முடிந்ததும் கையில் ஒட்டிய பெயின்டைக் கழுவக் குழாயைத் திறந்தால், தொட்டியில் தண்ணீர் இல்லை.

கை கழுவச் சொல்பவர்களை நிர்வாகங்களுக்குப் பிடிக்காமல் போவது புதிதல்ல. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் டாக்டர் செம்மல்வைஸ், பிரசவம் பார்க்கும் முன் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. சக மருத்துவர்கள் பலருக்கு அது அவமானமாகப்பட்டது. அவர் வேலையும் போனது.

இன்று அவமானப்பட ஒன்றுமில்லை. பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் கை கழுவும் பழக்கத்தை ஊக்கப்படுத்தினால் வயிற்றுப்போக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கலாம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆண்டுக் கட்டணத்தில் ‘ஸ்மார்ட் கிளாஸ்’ வரிக்குக் கீழே சோப்புக்கு ஒரு வரி சேர்த்தால் எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் கேட்பது கொஞ்சம்தான். இரண்டடி உயரத்தில் ஒரு குழாய். பூட்டாத சோப்பு. பிள்ளைக்கொரு துண்டு. சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் வரிசையில் நிறுத்திக் கழுவ ஐந்து நிமிடம். பொம்மைகளைத் தினமும் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் போட ஒரு ஆள். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்க ஒரு மனம். காய்ச்சல் விட்டு ஒருநாள் முழுக்க மருந்தில்லாமல் தேறிய பிறகே பிள்ளையை அனுப்பச் சொல்லி ஒரு சுற்றறிக்கை. அந்த வருகைக் கோப்பையை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
மூக்கொழுகும் எல்.கே.ஜி. வகுப்பின் பெற்றோர்